பரந்தாமன் அவிழ்த்த கட்டு

திருத்தணியில் கோதண்டபாணியின் பழைய லாரியைப் பதினோரு வருடமாக ஓட்டியவன் பரந்தாமன். எண்பத்தைந்தாம் வருடம் முதலாளி புதிதாக இன்னொரு லாரி எடுத்தபோது, சாவி தன் கைக்குத்தான் வரும் என்று மனைவி சந்திராவிடம் சொல்லிவைத்திருந்தான். அது ஏசுவடியானுக்குப் போயிற்று. மாற்று டிரைவராக வந்து இரண்டே வருடம் ஆனவன். ஆனால் ஒரு நட்டு தளர்ந்தால்கூடத் தானே வண்டிக்கடியில் படுத்து முடுக்கிவிடுவான். முதலாளிக்கு அது பிடித்திருந்தது.

அன்றிலிருந்து பரந்தாமனுக்குச் சோறு இறங்கவில்லை. புதுவண்டியின் ஹாரன் சத்தம் கேட்டாலே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பழைய லாரியைத் துடைப்பதையும் விட்டுவிட்டான். ஸ்டியரிங்கைத் தாங்கும் குழாய் ஆட ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் மடியில் வந்து விழுவதுபோல் குதித்தது. பட்டறைக்குக் கொண்டுபோகாமல், பழைய சைக்கிள் டியூபால் குழாயை டேஷ்போர்டோடு இழுத்துக் கட்டி ஓட்டினான். ‘அவனுக்குப் புதுசு, எனக்கு இது’ என்று கட்டும்போதெல்லாம் பொருமினான்.

கரும்பு வெட்டுக் காலத்தில் ஒருநாள் ஏசுவடியானின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். சாயங்காலம் அவன் வீட்டில் இருக்க வேண்டும்; மெட்ராஸ் போனால் திரும்ப நேரமாகிவிடும். முதலாளி வண்டியை மாற்றிவிட்டார். லுங்கி பேல் மூட்டைகள் ஏற்றிய புதுவண்டியோடு பரந்தாமன் மெட்ராஸுக்கு. கரும்பு ஏற்றித் திருவாலங்காட்டுப் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குப் போகப் பழைய வண்டியோடு ஏசுவடியான்.

சாவி கொடுக்கும் முன் பரந்தாமன் வண்டியில் ஏறி அந்த டியூபை அவிழ்த்து சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டான். ‘ஒரு நாளாவது அவனுக்கும் தெரியட்டும்.’

புதுவண்டி வெண்ணெயாய்ப் போயிற்று. இரண்டு விரலில் திரும்பியது. இதைத்தான் தினமும் அவன் ஓட்டுகிறான் என்று நினைக்க, வயிறு இன்னும் எரிந்தது. திருவள்ளூர் நெருங்கும்போதுதான், பாரம் ஏற்றிய பழைய வண்டி வளைவில் இறங்குவது கண்ணுக்குள் வந்தது. வண்டியைத் திருப்பினான்.

திருத்தணியைத் தாண்டி, கரும்பு ஏற்றப் போகும் வழியில், கே.ஜி.கண்டிகையில் ஒரு டீக்கடை ஓரம் பழைய லாரி வெறும் வண்டியாக நின்றிருந்தது. கதவுக்கு வெளியே ஏசுவடியானின் கால்கள் தெரிந்தன.

“இன்னாண்ணா, திரும்பி வந்துட்டே?” ஏசுவடியான் ஸ்பேனரோடு எழுந்தான். “கிளாம்பு போல்ட்டு ரெண்டும் கழண்டு கெடந்துச்சு. உள்ள ரப்பரு நைஞ்சி போச்சு. டயர் துண்டு அறுத்து வச்சி முடுக்கிட்டேன். ஆட்டிப் பாரு.”

பரந்தாமன் ஆட்டிப் பார்த்தான். கல்லில் நட்டதுபோல் நின்றது. அரைமணி நேர வேலை. நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, இதையும் அவனே செய்துவிட்டான் என்ற எரிச்சலும் வந்தது.

“இப்படி வச்சிகினு எப்படிண்ணா ஓட்டினே?”

“கட்டி வச்சிருந்தேன். காலைல நாந்தான் அவுத்தேன்.”

“சொல்ல மறந்துட்டியா?”

“இல்ல. உன் கையில புதுவண்டியப் பாத்தா வவுறு எரியுது.”

ஏசுவடியான் வெகுநேரம் கையைத் துடைத்தான். “பேலு லேட்டாவுது, கெளம்புங்க டிரைவரே,” என்று சொல்லிவிட்டுக் கரும்புக் கொல்லைப் பக்கம் வண்டியை எடுத்தான். முதலாளியிடம் அவன் மூச்சுவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பரந்தாமனை அண்ணா என்று கூப்பிடவுமில்லை.

பழைய லாரியை விற்கும்வரை ஸ்டியரிங் ஆடவேயில்லை. பரந்தாமன் வேறு முதலாளியிடம் போய்ச் சேர்ந்தான். சில வருடம் கழித்து ஏசுவடியான் சொந்தமாக லாரி வாங்கிவிட்டதாகச் சந்திராதான் மார்க்கெட்டிலிருந்து சேதி கொண்டுவந்தாள்.

“நல்லா இருக்கட்டும்,” என்றான் பரந்தாமன். அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை.