வாட்ச்மேனைப் பிடித்த நாய்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் வாட்ச்மேன் அக்கா. காக்கிச் சட்டையோ விசிலோ கிடையாது. ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காக மாரடித்ததற்குக் கிடைத்த பட்டம் அது.

செல்லுக்குள் டி.என்.ஏ. நூல் புரத உருண்டைகளின் மேல் சுற்றிச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். அதன்மேல் வேறு புரதங்கள் வந்து உட்காரும். யார் எங்கே உட்காருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடத்து மரபணு வாசிக்கப்படும், இல்லை பூட்டிக் கிடக்கும். அவளுடைய புரதம், செல்லைப் பிரியச் சொல்லும் மரபணுக்களின் வாசலில் குந்தியிருந்து "இன்னும் நேரம் ஆகலை, போ" என்று விரட்டும் ரகம். நேரம் வந்தால் எழுந்துகொள்ளும், செல் இரண்டாகும். எழுந்தது திரும்பி வராவிட்டால் செல் பிரிந்துகொண்டே போகும். அதுதான் புற்று. இப்படி அவள் ஆய்வேடு சொன்னது.

"நாள் பூரா உக்காந்திருக்கறதுக்கு உள்ளயும் ஆள் போட்டிருக்காங்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, டாக்டரம்மா?" என்பான் டயர் கடை வைத்திருந்த கணவன்.

"உங்களைப் போட்டா தூங்கிடுவீங்க. அப்புறம் புற்றுதான்."

டாக்டரம்மா என்பது முன்கூட்டியே வைத்த பெயர். ஆய்வுக்கூடத்தின் தலைவர், எல்லோருக்கும் 'பெரியவர்', ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் நிரந்தர வேலை. ஒழுகும் கூரை, மாமியாரின் கண் ஆபரேஷன், ஒரு பிள்ளை, எல்லாமே அந்த வீட்டில் 'அவ படிப்பு முடியட்டும்' என்று வரிசையில் நின்றன.

புரதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆன்டிபாடி என்கிற மோப்ப நாயை அவிழ்த்துவிட வேண்டும். அது ஆளைக் கவ்வி இழுத்து வரும்போது, அவர் உட்கார்ந்திருந்த டி.என்.ஏ. துண்டும் கூடவே வரும். அந்தக் கூடத்து நாய், பெரியவர் இளவயதில் முயலுக்கு ஊசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுத்தது. முயல் போட்ட நாய்க்குட்டி! புதிதாகச் சேர்பவர் கையில் பெரியவரே அந்த நாய் அடங்கிய ஒரு சின்னக் குழாயை வைத்து முதுகில் தட்டுவார். அங்கே அதுதான் சடங்கு. நாய் சரியா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பெரியவரின் மூக்கையே சந்தேகப்பட்ட மாதிரி.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒரு அழகுக்காகத்தான் அவள் அந்தச் சோதனையைச் செய்தாள். வாட்ச்மேனின் மரபணுவையே வெட்டி எறிந்த செல்களில் நாயை விட்டாள். பிடிக்க ஆளே இல்லை, சோதனைப் படம் வெறிச்சென்று இருக்க வேண்டும். அதே இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு கோடு நின்றது.

வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தாள். சுத்தமாக விழுந்திருந்தது. மறுபடி இரண்டு தடவை செய்தாள். மறுபடியும் கோடு. ஆளே இல்லாத வீட்டுக்குள் போய் நாய் யாரையோ கவ்விக்கொண்டு வந்து வாலாட்டியது. அப்படியானால் இத்தனை வருடமும் கவ்வி வந்தது யாரை?

பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காது மடல் சிவந்ததே சொன்னது.

"உன் செல்லுலதாம்மா கோளாறு."

"மூணு தடவை பாத்துட்டேன் சார்."

"அப்ப இந்தப் படம் எதுக்கு? யாரு கேட்டா? எடுத்துட்டுக் குடு. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "வச்சே குடுக்கணும்னா, கையெழுத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோம்மா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அன்று மாலை நடந்ததை வீட்டில் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். கணவன் கூரைமேல் இருந்தான். பழைய டயர்களை அடுக்கித் தார்ப்பாய்க்குப் பாரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா! இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும். அதுக்குள்ள முடிச்சிடுவல்ல?"

"பாத்து இறங்குங்க," என்றாள்.

படத்தை எடுத்துவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

பட்டம் வந்தது. நிரந்தர வேலையும் அதே கூடத்தில் வந்தது. கூரை ஒழுகுவது நின்றது. கணவன் கடைப் பலகையில் 'டாக்டர் டயர்ஸ்' என்று எழுதிவைத்தான். அவள் அந்தத் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, சுற்றுவழியில் நிழல் அதிகம் என்றாள்.

பெரியவர் ஓய்வு பெற்றபின் சடங்கு அவள் தலையில் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. பனி அப்பிய பெட்டியிலிருந்து குழாயை எடுத்தவளுக்கு விரல் மரத்துப்போனது.

"இது நல்லா பிடிக்குமாக்கா?"

"பிடிக்கும்," என்றாள். "யாரும் இல்லாட்டியும் பிடிக்கும்."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜமாகவே நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள் போல. வாட்ச்மேன் அக்கா குழாயை அவள் கையில் வைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தாள்.