காலியாகத் தெரிந்த சேனல்

வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்தால் என் அண்ணனுக்குக் குரலே மாறிவிடும். வீட்டில் சோற்றுக்குக் கத்துகிறவன், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேனுக்குக் கீழே நின்றால் செய்தி வாசிப்பவன்போல நிதானமாகப் பேசுவான். மேலே கூண்டில் இருக்கும் கிரேன்காரருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. அண்ணன் சொல்வதைக் கேட்டுத்தான் தூக்குவார், இறக்குவார். அந்தப் பெருமை அவனுக்குத் தாங்காது. "நான் வாயத் தொறக்கலன்னா ஒரு கம்பி நவுராது, தெரிஞ்சிக்கோ" என்பான் என்னிடம்.

கிரேன் ஆட்களுக்கும் லாரிகளை உள்ளே அனுப்பும் கேட் ஆபீசுக்கும் சேர்த்து அங்கே ஒரே சேனல்தான். அது கிரேனுக்கு உரியது. யாரும் பேசாதபோது மட்டும் கேட் ஆபீஸ் பேசலாம். பொத்தானை அழுத்துமுன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட் ஆபீசில் இருந்தவர் எங்கள் தெருக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

ஒரு பிற்பகல், தொங்கிய கம்பிக்கட்டு சரிய ஆரம்பித்தது. அண்ணன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறான். அதே நேரம் மாமா லாரியைக் கூப்பிட, கிரேன்காரருக்குக் கேட்டதெல்லாம் லாரி நம்பர்தான். பொத்தானை அழுத்திப் பேசுகிறவனுக்கு மற்றவர் பேச்சு கேட்காது. தன் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பித்தான் அண்ணன், பாவி, அங்கேயே நின்றிருக்கிறான். கட்டு அவன்மேலேயே விழுந்தது.

"கேட்டேன்க்கா, சத்தியமா கேட்டேன். ஒரு சத்தமும் இல்ல" என்று மாமா எங்கள் வாசலில் விழுந்து அழுதார். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அதன்பிறகு அவர் தெருவில் போகும்போதெல்லாம், "கேட்டுக்கினு பேசிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்டா" என்று சபிப்பாள். திட்டி முடித்துத்தான் அடுப்பு பற்றவைப்பாள்.

சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் பொறியியல் வகுப்பு. அடுத்தவருக்கு உரிய அலைவரிசை காலியாக இருக்கும்போது அதை இரவல் வாங்கிப் பேசும் ரேடியோக்களைப் பற்றிய பாடம். பேராசிரியை பலகையில் உரியவரை ஒரு பக்கமும் இரவல்காரரை மறுபக்கமும் வரைந்து, நடுவில் ஒரு சுவரைப் போட்டார். இரவல்காரர் ஒழுங்காகத்தான் கேட்கிறார். சுவர் மறைப்பதால் உரியவர் பேசுவது எட்டவில்லை. காலி என்று நினைத்துப் பேசிவிடுகிறார். இரண்டையும் கேட்கும் இடத்தில் இருப்பவருக்குத்தான் குழப்பம். அதனால் ஒரே இடத்தில் கேட்டால் போதாது, பல இடங்களில் கேட்டுச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்தச் சுவர் தெரியும். அண்ணன் நின்ற இடத்துக்கும் கேட் ஆபீசுக்கும் நடுவில் இருந்த ஆலையின் பெரிய இரும்புக் கொட்டகை அது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா பொய் சொல்லலம்மா. அவருக்கு நெஜமாவே கேட்டிருக்காது."

அம்மா எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். பிறகு, "நீ படிச்சவ, சரியாத்தான் இருக்கும். அப்போ இனிமே யாரத் திட்டிக்கினுடி நான் உசுரோட இருக்கறது?" என்றாள்.

இன்று அலைவரிசையைப் பங்கிடும் கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. ஊருக்குப் போகும்போது மாமா தெருவில் நடந்து போவதைப் பார்க்கிறேன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அவள் பழையபடி திட்டினால் தேவலை என்றிருக்கிறது.