மிச்சமில்லாத வீடு

பராசக்தியின் மருமகளுக்கு மீன்சந்தையில் யாரோ சொன்னார்களாம். அந்த யாரோவுக்குக் கோயில் செயலாளர் சிவதர்ஷனின் மனைவி சொன்னாளாம். தொண்ணூற்றொன்று ஏழால் பிரியாதாம். ஆகையால் இந்த முறை பூங்காவனத் திருவிழா கேதீஸ்வரி வீட்டாருக்கு இல்லையாம்.

வேலிக்கு அப்பால் நின்று பராசக்தி இதைச் சொன்னபோது, கேதீஸ்வரி கருவாட்டுத் தட்டில் சூடை மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். பதினொரு வயதில் வாய்ப்பாடு பாடமாக்கிய பிறகு இப்படியொரு கதையை அவள் கேட்டதில்லை.

அந்தத் திருவிழாவை ஏழு குடும்பங்கள் முறை வைத்துச் செய்கின்றன. ஆனால் சண்டையால் ஊர் ஓடிய வருஷங்களிலும் கொரோனா வந்த வருஷத்திலும் கோயில் பூட்டிக் கிடந்ததால், வருஷத்தை எண்ணுவதில்லை. நடந்த திருவிழாவைத்தான் எண்ணுவார்கள். எத்தனையாவது திருவிழாவோ அந்த எண்ணை ஏழால் பிரிக்கவேண்டும். மிச்சம் ஒன்றென்றால் பராசக்தி வீடு, இரண்டென்றால் அடுத்த வீடு, அப்படியே போய் ஆறென்றால் சிவதர்ஷன் வீடு. மிச்சமே வராவிட்டால் கேதீஸ்வரி வீடு. ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே மிச்சமில்லாத வீடு. அடுப்படியைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று பகிடி விடுகிறவர்களும் உண்டு.

இந்த முறை நடக்கப்போவது தொண்ணூற்றோராவது திருவிழா. அவளுடைய அண்ணர் முத்துக்குமாரு கனடாவில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தவர். வைத்தியர் ஒருவழியாகப் பறக்க விட்டிருக்கிறார். மாசி மாதத்திலிருந்து அவர் தொலைபேசியில் சொல்வது ஒன்றைத்தான்: அடுத்த முறைக்கு ஏழு வருஷம் கிடக்கு, அதுவரைக்கும் நான் கிடப்பனோ தெரியாது. விமானச் சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறார். அதை உறுதி செய்ய இன்றுதான் கடைசி நாள். காலையில் எழும்பியதும், வரவா என்று கேட்க அவளுக்கு அழைப்பு எடுப்பார். அவருக்குக் காலை என்றால் இவளுக்குப் பின்னேரம்.

சிவதர்ஷனுக்கு மூன்று தரம் அழைத்தாள். மூன்றாந்தரம் எடுத்து, வழியால் போகும்போது வாறன் என்றான். மத்தியானம் கழிந்துதான் வந்தான். கோயில் பூட்டின் திறப்பு மடியில் இருந்ததால் மீன் வாடைக்குள் வர மாட்டேன் என்று, வேலிப் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கதைத்தான். தான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லையாம். ஒன்பதையும் ஒன்றையும் கூட்டினால் பத்து, பத்து ஏழால் பிரியாது, அவ்வளவுதானாம். படித்த ஆட்கள் இப்படித்தான் பார்ப்பார்களாம்.

கேதீஸ்வரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"தம்பி, உது மூண்டுக்கும் ஒன்பதுக்கும் பாக்கிற வழி. ஏழுக்கு உது சரிவராது. பதினாலைக் கூட்டிப் பாருங்கோ. ஐஞ்சு. அப்ப பதினாலும் ஏழாலை பிரியாதோ?"

அவன் வானத்தைப் பார்த்தான். கணக்கென்றால் எல்லா எண்ணுக்கும் ஒரு வழிதானே இருக்கவேண்டும் என்றான்.

இவனோடு வாயால் கதைத்து முடியாது என்று கண்டாள். வெறுந்தட்டு ஒன்றைப் படலையடிக்கு இழுத்துவந்து, பனையோலைக் கடகத்தில் இருந்து தொண்ணூற்றொரு சூடையை அவன் கண் முன்னாலேயே எண்ணி எடுத்தாள். நாற்பதில் அவன் மறித்துத் திரும்ப எண்ணச் சொன்னான், எண்ணினாள். பிறகு வரிசைக்கு ஒன்றாக ஏழு வரிசையில் போட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரிசையிலும் பதின்மூன்று. வரிசைக்கு வெளியே ஒரு மீன் மிச்சமில்லை. பராசக்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பூனை ஒன்றும் தூக்கவில்லை, தானே சாட்சி என்றாள்.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் மருமகளுக்கும் சந்தைக்கும் பாதி ஊருக்கும் தெரிந்த பிறகு, பிழை என்னுடையது என்று சொல்லச் சிவதர்ஷனுக்கு வாய் வரவில்லை. தொண்ணூற்றொன்று பிரியட்டும், ஆனால் இது தொண்ணூற்றொன்றுதானா என்று தொடங்கினான். இடம்பெயர்ந்து போய் சாவகச்சேரியில் இருந்தபோது ஒரேயொரு வருஷம் யாரோ ஒருவரின் மாமரத்தடியில் கும்பம் வைத்துச் செய்தார்களே, அதையும் அல்லவா எண்ணியிருக்கிறார்கள்? கொடியேறாதது திருவிழா இல்லை. அதை விட்டால் தொண்ணூறு. தொண்ணூறுக்கு மிச்சம் ஆறு.

"மிச்சம் ஆறெண்டா உங்கடை வீடு," என்றாள் கேதீஸ்வரி. "போன வருஷமும் நீங்கள்தானே செய்தனீங்கள். மேளக்காரருக்கு இன்னும் கை நோ மாறேல்லை. அதை எண்ணாட்டி, திரும்பி வந்த நாள் தொடக்கம் எல்லாரும் மற்றவையின்ரை முறையையோ செய்துகொண்டு வந்தனாங்கள்?"

அப்போதுதான் பராசக்தி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சாவகச்சேரித் திருவிழாவைச் செய்தது அவளுடைய தகப்பன். எழுபத்தெட்டாவது, மிச்சம் ஒன்று.

"எங்கடை அப்பா கிளுவங்கதியாலைக் கொடிமரமா நட்டு, அதிலை அம்மாவின்ரை மஞ்சள் சீலையைக் கிழிச்சுக் கட்டினவர், தம்பி. அது கொடியில்லாட்டி வேறை என்ன, நீர் உடுத்துத் தோய்ச்சுக் காயப்போட்ட சாரமோ?"

சிவதர்ஷன் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். தனி ஆளாய் முடிவெடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் வைத்துக் கதைப்பமாம். கேதீஸ்வரி அண்ணரைப் பற்றிச் சொன்னாள். நெஞ்சைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்பதை இரண்டு தரம் சொன்னாள். அவன் முகம் கொஞ்சம் இளகியதுபோலத்தான் இருந்தது. கோயில் தலைவரோடு ஒருக்கால் கதைத்துவிட்டு அழைக்கிறேன் என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

இரண்டு மணி போனது. மூன்று மணி போனது. தட்டில் ஏழு வரிசைச் சூடையும் அப்படியே காய்ந்தன. புரட்டிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. பிரியுமா பிரியாதா என்று கேட்டால் நிரூபித்துக் காட்டலாம். எண்ணையே மாற்றுகிறவனுக்கு எதை நிரூபிப்பது? வா என்று சொல்லி, நெஞ்சு வெட்டிய மனுஷன் அவ்வளவு தூரம் பறந்து வந்து, பந்தலில் ஒரு மூலையில் விருந்தாளி மாதிரி நிற்பதா? வராதே என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொண்ணூற்றொன்று என்றே தீர்த்துவிட்டால்?

சிவதர்ஷனுக்குத் தானே அழைத்தாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. திரும்பவும் அழைத்தாள். அதே குரல்.

நாலரைக்கு உப்பு மூட்டையின் மேல் கிடந்த தொலைபேசி அடித்தது. அவன்தான் என்று ஓடிவந்தாள். திரையில் அண்ணை என்று இருந்தது.

கையைச் சட்டையில் துடைத்தாள். எடுக்கவில்லை. பராசக்தி வேலியால் பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. உடனேயே திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. கேதீஸ்வரி படலைக்கு வெளியே ஒழுங்கையை, மோட்டார் சைக்கிள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பு மூட்டையின் மேல் அது அடித்துக்கொண்டே இருந்தது.