இடம் மாறிய கிண்ணம்

வல்லத்து ரஞ்சிதத்துக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து வருடத்துக்கு முன் வரப்பில் சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளே களை வெட்டப் போனாள். வலி மட்டும் போகவில்லை. போன வருடம் கை தோளுக்கு மேல் எழும்புவதே நின்றுவிட்டது. அசைத்தால் உள்ளே கரகரவென்று சத்தம். கணவர் பெரியதம்பிதான் தினமும் கொண்டை போட்டுவிட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் அது அவிழ்ந்துவிடும்.

"வைக்கப்பிரி திரிக்கிற கைக்கு இது வரலியா?" என்பாள்.

"முடி இருந்தாத்தானே நிக்கும்," என்பார் அவர்.

மகள் கவிதா இருவரையும் புதுச்சேரிக்கு, எலும்பு டாக்டர் ஜெயஸ்ரீயிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பிளாஸ்டிக் தோள்மூட்டு ஒன்றைக் காட்டினார். கை எலும்பின் தலை உருண்டை. அது உட்காரும் குழி ஆழமே இல்லை.

"இம்மாம் பெரிய குண்டு இத்துனூண்டு கிண்ணத்துல எப்டி நிக்குது?"

"சுத்தி நாலு தசைநார் இழுத்துப் பிடிச்சிருக்கும்மா. நீங்க விழுந்தப்போ அதுல ரெண்டு அறுந்துபோச்சு. பிடி விட்டதும் குண்டு மேல ஏறி உரசி உரசி, நடுவுல இருந்த குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு."

பிடிக்க நார் இல்லாததால் பழைய அமைப்பிலேயே புது மூட்டு வைத்தால் நிற்காது. குண்டு இருந்த இடத்தில் கிண்ணத்தையும் கிண்ணம் இருந்த இடத்தில் குண்டையும் வைத்தால், தோளின் மேலுள்ள பெரிய தசையே கையைத் தூக்கிவிடும் என்றார் டாக்டர்.

"மாத்தி வெச்சா கை பின்பக்கம் திரும்பிக்காதே?" என்றாள் ரஞ்சிதம். டாக்டர் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது. பிறகு பயிற்சி: சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பெரியதம்பி கரிக்கட்டியால் கோடு போட்டார். நாலாம் மாதம் அவளே தலை சீவிக்கொண்டாள். கோடு ஜன்னலைத் தாண்டியது.

"இது இன்னா பெரிய வித்தையா?" என்று பெரியதம்பியும் கையை ஏற்றினார். அவளுடைய கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே கை நின்றுவிட்டது. எக்கிப் பார்த்தார். ஏறவில்லை.

ரஞ்சிதம் விழுந்து விழுந்து சிரித்தாள். "கவிதா, டாக்டரம்மாவுக்குப் போனு போடு. உன் நைனாவும் வராரு!"

அவருக்கு வெறும் இறுக்கம்தான். அதே பயிற்சி போதும் என்றார் டாக்டர். இப்போது காலையில் காபி குடித்ததும் இருவரும் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். எண்ணிக்கையை ரஞ்சிதம் சொல்கிறாள்.