ரெய்லீன் கொடுக்கும் ஆறு வாரம்

எங்கள் நாட்டுப் பாலைவனத்தில் அந்தக் காலத்தில் தொலைந்துபோன ஆராய்ச்சிப் பயணிகளைத் தேட ரெய்லீன் டன்னக்கை அனுப்பியிருந்தால், ஆட்களை உயிரோடு கொண்டுவந்திருப்பார். கூடவே ஒட்டகங்களையும், ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றையும், அந்தக் கயிற்றை விற்ற கடையின் ரசீதையும் கொண்டுவந்திருப்பார். ரசீதில் முத்திரை மங்கியிருந்தால் வேறு ரசீது தேடித் திரும்பிப் போயிருப்பார். கடவுளே எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோனால், ரெய்லீனுக்குத்தான் போன் போடுவார் என்பது என் கருத்து.

ரெய்லீன் எங்கள் ஊரான யாரேங்கூலில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். வயது அறுபத்தொன்று. அவருடைய ஷெட்டில் 1964ஆம் வருஷத்து ஹோல்டன் கார் ஒன்று நிற்கிறது. உடம்பு வெளிர்பச்சை, கூரை வெள்ளை. எங்கள் ஊர் பெக்வித் மோட்டார்ஸில் புதிதாக விற்ற வண்டி. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடிவெட்டுகிறார்கள்.

அந்த நாளில் கார் வாங்குகிறவர்களுக்கு டீலரே கூடுதல் சாமான்களை மாட்டிக் கொடுப்பார். முன்கண்ணாடிக்கு மேல் தொப்பி விளிம்பு மாதிரி ஒரு வெயில் தகடு, பின்கண்ணாடிக்குப் பட்டைத் திரை, பூட்டுப் போட்ட பெட்ரோல் மூடி, ரேடியேட்டருக்குள் வெட்டுக்கிளி போகாமல் ஒரு கம்பிவலை. அதே வருஷத்தில் டீலர் கடையில் விற்ற அசலாகவே பார்த்து, ரெய்லீன் இவற்றைப் பதினோரு வருஷம் தேடினார். இப்போது புதிதாகச் செய்து விற்கும் நகல்களுக்கு அவர் வைத்த பெயர் பொய்ப்பல்.

பிப்ரவரியில் பல்லாரட்டில் பழைய சாமான் சந்தை கூடும். விடியும்போதே முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, மேஜைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். மேஜைமேல் இருப்பதை எந்த முட்டாளும் பார்ப்பான் என்பது அவர் கொள்கை. மற்ற மாதங்களில் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கம். பழைய கார் வைத்திருந்தவர் யாராவது போய்விட்டால் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து ஆறு வாரம் எண்ணுவார். ஆறு வாரம் முடிந்த மறுநாள் ஒரு பழக் கேக்கோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ஷெட்டைப் பார்க்கலாமா என்று கேட்பார். அதற்கு முன்னால் போனால் நாம் பிணந்தின்னிக் கழுகு, அதற்கு அப்புறம் போனால் குப்பை வண்டி முந்திவிடும் என்பார்.

இப்படித் தேடி எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. பின்கண்ணாடியின் மூலையில் ஒட்டும் பெக்வித் மோட்டார்ஸ் ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து கண்ணாடிக்கு நழுவவிடும் பழைய ரகம். அதற்காகக் கண்ணாடியின் இடது மூலையை வெறுமையாகவே வைத்திருந்தார். வேறு எதையும் ஒட்ட விடவில்லை, ரக்பி பைத்தியம் பிடித்த அவர் தம்பியைக்கூட.

இனி என் பங்கு.

பதினைந்து வயதில் நான் பஸ்ஸின் ஹீட்டருக்குப் பின்னால் செத்த கார்ப் மீன் ஒன்றை வைத்தேன். அறிவியல் ஆர்வம்தான். ரெய்லீன் வண்டியை நிறுத்தி, மோந்து பார்த்து, நேராக என்னிடம் வந்தார்.

"டீகன், இது உன் மீனாடி?"

"பேரு எழுதியிருக்கா?"

"உன் மூஞ்சில எழுதியிருக்கு. ரெண்டு வாரம் நடந்து வா. மீனையும் கூட்டிட்டுப் போ."

ஏழு கிலோமீட்டர். அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். யார் யாரை விட்டது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நான் லைல் மாமாவின் போர்டு எழுதும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பின் அறையில் தண்ணீரில் நழுவும் அந்தப் பழைய காகிதம் நாலைந்து தாள் கிடப்பதைப் பார்த்ததும், ஏழு கிலோமீட்டர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பழைய கார் கிளப் சுவரில் பெக்வித் கடையின் பழைய போட்டோ ஒன்று உண்டு. அதில் ஒரு காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும், கீழ்வரி தவிர. கீழ்வரியை ஒரு நாயின் தலை மறைத்துக்கொண்டிருந்தது. மேலே இருந்ததை அப்படியே வரைந்து, நாய்க்குப் பின்னால் இருந்த முகவரியை நானே முழுதாக எழுதி முடித்தேன். டீத்தண்ணீரில் நனைத்தேன். கோழிக்கூண்டுக் கூரையில் பத்து நாள் காயவைத்தேன். கெட்ட காரியத்தை நான் இவ்வளவு சுத்தமாகச் செய்து அதுவரை பார்த்ததில்லை.

கிழவர் ஷெர்வெல் இறந்துபோய், அவர் பண்ணைச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தது. காலையில் சாமான் இறக்க ஆள் கேட்டார்கள், போனேன். பழைய கார்க் கையேடுகள் இருந்த பெட்டியில், ஒரு கையேட்டின் நடுவில் ஸ்டிக்கரைச் செருகினேன். ரெய்லீன் கண்டுபிடித்துக் குதிப்பார், ஊர் பார்க்கும், அப்போது நான் பெட்டிக்குப் பின்னாலிருந்து "பொய்ப்பல்!" என்று கத்துவேன். திட்டம் அவ்வளவுதான்.

ஏலக்காரர் அந்தப் பெட்டிக்கு வந்ததும் ரெய்லீன் கை தூக்கினார்.

"அஞ்சு டாலர், ரெய்லீன்! வேற யாராவது கை தூக்கினீங்கன்னா உங்க புள்ளைங்க நாளைக்கு நடந்துதான் பள்ளிக்கூடம் போகும், யோசிச்சுக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. ரெய்லீன் பெட்டியை ஓரமாகக் கொண்டுபோய் ஒவ்வொரு கையேடாகப் பிரித்தார். ஸ்டிக்கர் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குதிக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் மெதுவாக உட்கார்ந்தார். கத்துவதற்காக நான் இழுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

"இங்க வாடி," என்றார். "எங்கம்மா பெக்வித்துல காரு கழுவிட்டிருந்தா, தெரியுமா? புதுக் காரு வெளிய போறதுக்கு முன்னாடி கடைசி வேலை இதை ஒட்டறது. வேற யாரையும் தொட விட மாட்டா. ஸ்பூனோட முதுகால தேய்ச்சுத் தேய்ச்சு குமிழை வெளிய தள்ளுவா. இந்த ஊர்ல ஓடின ஒவ்வொரு காருலயும் அம்மா கை பட்டிருந்துச்சு."

"இப்ப எங்க அவங்க?"

"எனக்கு ஒம்பது வயசுல போயிட்டா. போட்டோகூட ஒண்ணுதான், அதுலயும் முதுகு. ஸ்பூன் இருக்கு, காரு டாஷ்போர்டுல. இது ஒண்ணு கிடைச்சா அம்மா மாதிரி நானே ஒட்டணும்னு வெச்சிருந்தேன்."

என்னை நேராகப் பார்த்தார். நான் வாளியின் கைப்பிடியைப் பார்த்தேன். அந்த வாளி எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறெங்கும் பார்க்க முடியாமல் அதையே பார்த்தேன்.

அதன் பிறகு அவர் எனக்கு நல்லவராக மாறித் தொலைத்தார். வேலைக்கு நடந்து போகிறவளை வழியில் ஏற்றிக்கொண்டார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டை எனக்காக வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜாம் பிஸ்கெட் ஒரு டப்பா கொடுத்தார். "ஏலத்துல கூட இருந்தியே, அதுக்கு," என்றார். அதை நான் தின்னவில்லை. மாமா தின்றார். அவருக்கு மனசாட்சி சம்பந்தப்பட்ட உபாதை எதுவும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று ஒருநாள் பஸ்ஸில் ஆரம்பித்தேன்.

"ரெய்லீன், ரொம்ப நல்லா செஞ்ச பொய்ப்பல்லா இருந்தா அது பொய்ப்பல்லுன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"போட்டிருக்கிறவளுக்குத் தெரியும்," என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்து. பிறகு கியர் மாற்றினார். நான் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன்.

இன்னொரு நாள் அந்த ஸ்டிக்கரைத் திருடிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். தொலைந்த ஸ்டிக்கர் பொய் ஸ்டிக்கரைவிட மேல் என்று கணக்கு. அது சமையலறை மேஜையில், தடித்த டெலிபோன் புத்தகத்துக்கு அடியில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் படுத்திருந்தது. பக்கத்தில் ஸ்பூன், பாலிஷ் போட்டுத் துடைத்தது. எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற ரெய்லீனிடம் கோழிக்குத் தீனி போட வந்தேன் என்று சொன்னேன். அவரிடம் கோழியே கிடையாது.

ஏலம் முடிந்து ஏழு வாரத்தில் கிளப்பின் காட்சி நாள் வந்தது. ஃபுட்பால் மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. அன்று எல்லார் முன்னாலும் ஒட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆட்கள் சாஸேஜ் வாங்க வரிசையில் நின்ற நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். காருக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் ஸ்பூன், கையில் ஸ்டிக்கர். தண்ணீரில் போட்டால் முடிந்தது. வாழ்நாளெல்லாம் அவர் அம்மாவின் மூலையில் என் பொய் உட்கார்ந்திருக்கும்.

"வேண்டாம், ரெய்லீன்," என்றேன்.

"ஏன்? கண்ணாடி துடைச்சாச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஒருவாட்டி வாசிச்சுக் காட்டு, அப்புறம் போடறேன்."

வாசித்தேன். "பெக்வித் மோட்டார்ஸ். மெயின் ஸ்ட்ரீட், யாரேங்கூல். விக்டோரியா."

"அதுக்கப்புறம் ஏதோ நம்பர் இருக்கே?"

"அது... போஸ்ட் கோடு."

"காரு எந்த வருஷம்?"

"அறுபத்து நாலு."

"போஸ்ட் கோடு இந்த நாட்டுக்கு வந்தது எந்த வருஷம்?"

எனக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்தே முகவரி என்றால் கடைசியில் நாலு எண் இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது.

"அறுபத்தேழு," என்றார். "மீனுலதான் பேரு எழுதலன்ன. இந்த நாலு நம்பருல எழுதிட்டியே."

"எப்ப... எப்பத் தெரியும்?"

"வாளி மேல உட்கார்ந்தனே, எதுக்குன்னு நெனச்ச?"

"அப்போ உங்கம்மா கதை?"

"அது சத்தியமான கதை. கேட்ட நிமிஷமே நீயா சொல்லிடுவேன்னுதான் சொன்னேன்." ஸ்டிக்கரை என் சட்டைப் பையில் செருகி, ஸ்பூனைத் துடைத்து டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார். "செத்த வீட்டுக்கே ஆறு வாரந்தான் குடுப்பேன், டீகன். உனக்கு ஏழு குடுத்தேன்."