கரியாலூர் பஸ்ஸில் மாம்பழ வாசனை

வானநீல நிறம், பெருவிரல் நீளம், ஒரு முனை மட்டும் விசில்போலச் சப்பை. எங்கள் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே முருகன் படத்தின் காலடியில் அது கிடந்தது. பாடப்புத்தகத்தில் வரிகளுக்கு நிறம் தீட்டும் பேனா என்றுதான் நான் நினைத்தேன். டிரைவர் அண்ணன் அதை எடுத்து வாயில் வைத்து இழுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி வெள்ளையாக ஊதினார். பஸ் முழுக்க மாம்பழ வாசனை. அது மார்கழி மாதம். பின்சீட்டில் ஒரு அம்மா, யார் பையில் பழம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மலைமேல் கரியாலூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் அந்தத் தனியார் பஸ்ஸில்தான் போய்வருவேன், டிரைவருக்கு இடப்பக்கத்து முதல் சீட்டில். அண்ணன் பெரிய பீடிப்பிரியர். ஆனால் ஓட்டும்போது ஒருநாளும் புகைத்ததில்லை. வடக்கனந்தல் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் டீக்கடையோரம் நிறுத்தி ஒன்று, பாதி ஏற்றத்தில் பாறைத்திட்டு உள்ள வளைவில் ஒன்று, மேலே எல்லோரும் இறங்கிய பிறகு ஒன்று. நாங்கள் அதற்குப் பீடி ஸ்டாப்பிங் என்றே பெயர் வைத்திருந்தோம். டீ குடிப்பதும், சிக்னல் போவதற்குள் வீட்டுக்குப் பேசிவிடுவதும் அங்கேதான். அவருடைய இருமல் கேட்டால் பஸ் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். கண்டக்டர் விசில் ஊத வேண்டிய வேலையே இல்லை.

நுரையீரல் கெட்டுக்கொண்டு வருகிறது, பீடியை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து வந்த அவருடைய மச்சான் இந்த நீலக்குழலை, பேட்டரியில் இயங்கும் இ-சிகரெட்டை, கொண்டுவந்து கொடுத்தார். "வெறும் ஆவி மாமா. இதுல கரியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாராம். அந்த வாரமே பீடி நின்றது. இருமலும் குறைந்தது. வீட்டில் அண்ணி கோயிலுக்குப் பொங்கல் வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் பீடி ஸ்டாப்பிங்கும் நின்றுபோனது. பீடிக்குத் தீப்பெட்டி வேண்டும், இறங்க வேண்டும், காற்றுக்கு முதுகு காட்டிப் பற்றவைக்க வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். கியர் மாற்றிய கை அப்படியே வாய்க்குப் போகும். வளைவுக்கு வளைவு மாம்பழம் மணக்க ஆரம்பித்தது. ஓட்டும்போது இது தேவையா என்று ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "இன்னா டீச்சர், ஆவிதானே" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தை பிறந்து சில நாள் இருக்கும். ஏற்றத்தில், நிறுத்தவே கூடாத ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. அண்ணனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "சக்கரத்துக்குக் கட்ட போடுடா" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கி, ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். பஸ்ஸில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த ஒரு வண்டியில் அண்ணனைக் கீழே அனுப்பினோம்.

ஆஸ்பத்திரியில் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். புகைப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்க, "வுட்டாச்சுங்க" என்றாராம் அண்ணன். கூடப் போயிருந்த கண்டக்டர் அவர் சட்டைப்பையிலிருந்து நீலக்குழலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். நிகோடின் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். சேதி பஸ் முதலாளியின் காதுக்குப் போனது. இந்தப் பழக்கம் மொத்தமாக ஒழிந்தது என்று டாக்டர் சொன்னால்தான் இனி மலை ரூட்டு, அதுவரை மணலூர்பேட்டை வண்டி என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மலை ரோடுதான் மானம், மரியாதை எல்லாம். மணலூர்பேட்டைக்கு நெல்லும் கரும்புமாக நேராகப் போகிற ரோட்டில் அவருக்குத் தூக்கம்தான் வந்தது.

காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒருநாள் அண்ணன் கேட்டார். "அப்டி இன்னாதான் டீச்சர் கீது அதுக்குள்ள?" நானும் அதற்குள் படித்து வைத்திருந்தேன். வீட்டில் கொசுவுக்கு பிளக்கில் மாட்டுகிற மெஷின் இருக்கிறதல்லவா, அதேதான் என்றேன். சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீர், அதை உறிஞ்சும் திரி, திரியைச் சூடாக்கும் கம்பி. இதில் கரண்டுக்குப் பதில் பேட்டரி. நாம் இழுத்தால் கம்பி சூடாகும், திரவம் நுண்துளியாகிக் காற்றில் ஏறும். தண்ணீர் ஆவி இல்லை. கிளிசரின் மாதிரி எண்ணெய்ப்பசையான திரவமும் வாசனையும் நிகோடினும் நேராக நெஞ்சுக்குள் போகின்றன. எரியாததால் பீடியின் கரி இல்லை, அதுமட்டும் உண்மை. மற்றபடி நம் நாட்டில் விற்கவே தடை என்பதால் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பார் இல்லை.

"அப்போ நான் இன்னா, கொசுவா?" என்றார். எங்கள் கண்டக்டர் சிரித்துச் சிரித்து டிக்கெட் மெஷினைக் கீழே போடப் பார்த்தான். அண்ணன் மட்டும் யோசனையில் இருந்தார். "பீடின்னா அதுவே அணைஞ்சிடும் டீச்சர். நெஞ்சும் எரியும், போதும்னு தோணும். இது எரியவும் இல்ல, முடியவும் இல்ல. எவ்ளோ இழுத்தேன்னு எனக்கே தெர்ல." எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. முன்கண்ணாடி வெயிலில் பேட்டரியோடு கிடந்தால் வெடிக்கவும் கூடும் என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். மச்சான் கொடுத்ததில் மிச்சமிருந்த இரண்டு குழல்களையும் மலையில் வீசிவிடட்டுமா என்றார். குரங்கு எடுத்துக் கடித்தால் அதன் கதி என்ன? பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் செல்போன் கடையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புகையிலையை விட உதவி செய்யும் பிரிவு ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே கொடுத்த நிகோடின் சூயிங்கத்தை அண்ணன் வெற்றிலைபோல வேகமாக மென்று சாற்றை விழுங்கிவிட்டார். மணலூர்பேட்டை போகும்வரை விக்கல். "வூட்ல நெனச்சிக்கினு கீறாங்க போல" என்று பஸ்ஸே கேலி செய்ததாம். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டார். அந்த மாதங்கள் எளிதாக இல்லை. மணலூர்பேட்டை வண்டிக் கண்டக்டரிடம் எரிந்து விழுந்தார். ஒருநாள் கடைக்குப் போய் பீடிக்கட்டு வாங்கி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சூயிங்கமும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பழக்கம் ஒழிந்தது என்று ஆடியில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் அவர் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்த காலையில் எனக்குக் கண் கலங்கியது, ஏன் மறைக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு மாலை, நல்ல கூட்டத்தோடு இறங்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் திடீரென்று மூக்கை உறிஞ்சினார். எனக்கு மழை மண் வாசனையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சமமான இடமாகப் பார்த்து வண்டியை ஒதுக்கி எல்லோரையும் இறக்கிவிட்டார். கண்டக்டர் கட்டை போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். பின்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. பிரேக் காய்ந்து தீய ஆரம்பித்திருந்தது. தொடர்ந்து இறங்கும்போது சூடு ஏறிப் பிரேக் பிடிக்காமலே போய்விடும், அதற்கு முன்னால் வருகிற தீய்ந்த வாசனைதான் முதல் எச்சரிக்கை என்று கண்டக்டர் எனக்குச் சொன்னான்.

சக்கரம் ஆறட்டும் என்று எல்லோரும் ரோட்டோரம் நின்றோம். குழந்தைகளும் மூட்டைகளுமாக நின்ற கூட்டத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "இத்தினி வருஷத்துல இந்த வாசன எத்தினியோ தபா வந்துருக்கும் இல்ல டீச்சர்? பீடில மூக்கு மரத்துப் போச்சி, எனக்குத்தான் தெரியாமலே ஓட்டிக்கினு இருந்துருக்கேன்."

இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். இறக்கத்தில் யாரையும் ஜன்னல் கண்ணாடியை மூட விடுவதில்லை. குளிரில் நாங்கள் நடுங்கிக்கொண்டுதான் வருகிறோம், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.