இணைப்பக அறையில் ஓமோயெம்வென்

பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷமே தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் ஓமோயெம்வென். எந்தத் துணைவேந்தர் பேசுகிறார் என்பதை இருமலை வைத்தே சொல்லிவிடுவாள். பேராசிரியர்களுக்கு அவள் ஆன்ட்டி. லைன் கிடைக்கவில்லையென்று கத்துகிறவர்களை அவளும் பதிலுக்குத் திட்டுவாள்.

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மாட்டன் காற்றின் புழுதி நைஜீரியாவின் பெனின் நகரை மூடியிருந்த ஒரு காலையில், துணைவேந்தரை நீக்கிவிட்டதாக வானொலி சொன்னது. ராணுவ அரசு ஆட்சிக்குழுவையும் கலைத்துவிட்டு, ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரைத் தனி நிர்வாகியாக உட்காரவைத்தது. அவர் முதலில் வந்து நின்றது அவளுடைய அறையில்தான்.

"எல்லார் குரலும் உனக்குத் தெரியுமாமே? ஆசிரியர் சங்கத்துக்காரங்க என்ன பேசுறாங்கன்னு எனக்கு வந்து சொல்லணும்."

"லைன் குடுத்ததும் காதுல மாட்டியிருக்கறத எடுத்துருவேன் சார்."

மேஜர் சிரித்தார். "இனிமே எடுக்காத."

வளாகத்தில் பேச்சு செத்துப்போனது. வாசலில் சிப்பாய்கள் நின்றதும் அக்காரா வடை சுட்டு விற்றவள்கூட அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மேஜர் கேட்கும்போதெல்லாம், "தாவரவியல் வாத்தியாருக்கும் மாமியாருக்கும் சண்டை சார்" என்று எதையாவது சொல்லிவைப்பாள்.

ஒரு மதியம் மேஜரே ராணுவ முகாமுக்கு லைன் கேட்டார். காதில் மாட்டியதை எடுக்காதே என்றவர் அவர்தானே, அவள் எடுக்கவில்லை. சங்கச் செயலாளர் டாக்டர் எஹிகியாத்தோரை விடிந்ததும் தூக்கச் சொன்னது காதில் விழுந்தது. உடனே டாக்டர் வீட்டுக்கு போன் அடித்தாள்.

"டாக்டர், உங்க அத்தைக்கு ரொம்ப முடியலயாம். உடனே ஊருக்குக் கிளம்புங்க."

"எனக்கு ஏது ஆன்ட்டி அத்தை?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இப்ப இருக்காங்க டாக்டர். கிளம்புங்க."

மறுநாள் ஜீப்பில் வந்தவர்கள் கதவை உடைத்து, காலி வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மேஜர் இணைப்பகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொண்ணுங்கதானே உனக்கு? பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போறாங்க?"

"ஆமா சார்."

"ம்" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றே பெண்களை ஆவுச்சி ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாள் முதல் அவள் ஜன்னலுக்கு எதிரே சாம்பல் நிறப் பேஜோ கார் ஒன்று நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. தினமும் அதைக் கடந்து வந்து வேலை பார்த்தாள். தூக்கம் போயிற்று, உடம்பு பாதியாயிற்று.

டாக்டர் எல்லை தாண்டி கானா போய்ச் சேர்ந்தார், திரும்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து மேஜரை மாற்றிவிட்டுப் புதுத் துணைவேந்தரை நியமித்தார்கள். அதன் பிறகும் அந்தக் கார் ஒரு மாதம் அங்கேயே நின்றது. யாருடையது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.